ரெய்ஸா, காலா? லிமிட் போக்கரில் மாறாத விலையும் மாறும் விடையும்

2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று அதன் அட்டவணையில் சேர்த்தது செல்லாது, இரண்டும் திறமை ஆட்டங்களே என்று தலைமை நீதிபதி கங்காபூர்வாலாவும் நீதிபதி ஆதிகேசவலுவும் அமர்ந்த அமர்வு சொன்னது. போக்கரைப் பொறுத்தவரை எல்லா நீதிமன்றங்களும் இப்படிச் சொல்லவில்லை. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதைத் திறமை ஆட்டமாக ஏற்க மறுத்தது. அதற்கும் முன்பு, 1967இல், இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று வகைப்படுத்தியபோது, முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடும் ஆட்டத்துக்கு உதாரணமாக மூணு சீட்டைக் காட்டியது. ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை எடுப்பது எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கிறோம். மூணு சீட்டில் வந்தது வந்ததுதான். போக்கர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இன்று பெரும்பாலும் ஆடப்படும் டெக்ஸாஸ் ஹோல்டம் வகையில் கையில் விழுந்த இரண்டு சீட்டை யாரும் மாற்ற முடியாது. ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் ஒரு தீர்மானம் எடுத்தாக வேண்டும். திறமை என்று ஒன்று இருந்தால் அது அந்தத் தீர்மானத்தில்தான் இருக்க முடியும். இங்கே மலேசியாவில், தம்போயிலோ ஜொகூரின் வேறெந்த மூலையிலோ இந்த வழக்காடலுக்கு வேலையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலேசியாவின் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம், அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தைக் காசுக்கு ஆடுவதையும் சூதாட்டம் என்றே வரையறுக்கிறது. திறமை எவ்வளவு என்று அளந்து பார்க்கும் அவசியம் அந்தச் சட்டத்துக்கு இல்லை. அளவு எவ்வளவு என்று அறிய விரும்புவது நம் ஆர்வம்தான். அந்த ஆர்வத்துக்கு லிமிட் போக்கரைவிட வசதியான சோதனைக்கூடம் கிடையாது.

ஏனென்றால், லிமிட் வகையில் எவ்வளவு வைப்பது என்ற கேள்வி இல்லை. 10-20 மேசை என்றால் முதல் இரண்டு சுற்றிலும், அதாவது கைச்சீட்டு விழுந்ததும், மூன்று பொதுச் சீட்டு திறக்கும் ஃபிளாப்பிலும், பந்தயம் 10 சில்லு. நான்காம் சீட்டான டர்னிலும் ஐந்தாம் சீட்டான ரிவரிலும் 20 சில்லு. ஒரு சுற்றில் ஒரு பந்தயமும் அதன்மேல் மூன்று ஏற்றமும்தான் பெரும்பாலான மேசைகளில் அனுமதி. எதிராளி பந்தயம் வைத்தால் நமக்கு மூன்றே வழி. சீட்டைப் போட்டுவிடுவது ஃபோல்டு, சமமாக வைப்பது கால், அதற்கும் மேல் இன்னொரு பந்தயம் ஏற்றுவது ரெய்ஸ். புதிதாக ஆடுபவர் இம்மூன்றையும் ஒரே கோட்டில் வரிசையாக வைத்துப் பார்க்கிறார்: சீட்டு மோசமென்றால் ஃபோல்டு, சுமாரென்றால் கால், நல்லதென்றால் ரெய்ஸ். இந்தப் பார்வை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். ரெய்ஸா காலா என்பதைச் சீட்டின் பலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பந்தயத்தின் விலை அப்படியே நிற்க, நடுவில் குவியும் பணம் சுற்றுக்குச் சுற்று வளர்வதே தீர்மானிக்கிறது. நடுப்பணம் சிறிதாக இருக்கும்போது ரெய்ஸ் ஒரு ஆயுதம். கால் சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். நடுப்பணம் பெருத்த பிறகு நிலைமை தலைகீழ். ரெய்ஸ் செய்பவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

கணக்கை நேராகவே போட்டுப் பார்க்கலாம். இருவர் மட்டும் ஆடும் ஆட்டம். பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயங்களாக டீலர் 5, எதிராளி 10 வைத்திருக்கிறார்கள், நடுவில் 15. டீலர் இன்னொரு 15 வைத்து 20 ஆக ஏற்றினால், எதிராளி 30 சில்லை வெல்வதற்காக 10 கொடுக்க வேண்டும். அவர் சீட்டைப் போட்டுவிட்டால் 15 சில்லு உடனே டீலருக்கு. வைத்ததும் 15, கிடைப்பதும் 15 என்பதால், பாதிக்கு மேற்பட்ட தடவை எதிராளி விலகினாலே வேறெதுவும் இல்லாமல் இந்த ஏற்றம் லாபம். அதே இருவரை ரிவருக்குக் கொண்டுபோவோம். நடுவில் 200 சேர்ந்திருக்கிறது, எதிராளி 20 வைக்கிறார். இப்போது 20 கொடுத்து 220ஐ வெல்லலாம். பன்னிரண்டில் ஒரு தடவை நம் சீட்டு ஜெயித்தாலே கால் சொல்வது நஷ்டமில்லை. இங்கே பாவலா காட்டி 40 ஆக ஏற்றினால் என்ன ஆகும்? எதிராளி இன்னும் 20 கொடுத்தால் 260ஐ வெல்லலாம். பதினான்கில் ஒரு தடவை அவர் சீட்டு மேல் என்றாலும் அவர் போகமாட்டார், போகவும் கூடாது. முதல் சுற்றில் எதிராளியை விரட்டிய அதே ரெய்ஸ் கடைசிச் சுற்றில் பல்லில்லாமல் நிற்கிறது. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம் வாங்கும் பேருந்தில் தொலைதூரப் பயணிக்கே லாபம் என்பதைப் போல, லிமிட் ஆட்டத்தில் கடைசிவரை வருபவருக்கு விலை மலிந்துகொண்டே போகிறது. நோ லிமிட் ஆட்டத்தில் இப்படி இல்லை. அங்கே நடுப்பணம் 200 என்றால் 200ஐயே பந்தயமாக வைத்து எதிராளிக்கு எந்தச் சுற்றிலும் விலையை உயர்த்தலாம். லிமிட்டைப் பற்றிய யோசனைகள் நோ லிமிட்டுக்குப் பொருந்தாமல் போவதற்கும், தொலைக்காட்சியில் நோ லிமிட் பார்த்துப் பழகியவர் லிமிட் மேசையில் தோற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இது வெறும் காகிதக் கணக்கா என்று கேட்டால், காகிதத்தைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. 2015 ஜனவரியில் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பௌலிங் குழுவினர், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டம் ஏறத்தாழத் தீர்க்கப்பட்டுவிட்டது என்று சயன்ஸ் இதழில் அறிவித்தார்கள். செஃபியஸ் என்று பெயரிடப்பட்ட அவர்களது நிரல், 4,800 செயலிக் கருக்களில் 68 நாள் தனக்குத்தானே ஆடி, திருத்தித் திருத்தி ஒரு உத்தியை அடைந்தது. அந்த உத்தியை முழுக்கத் தெரிந்துவைத்துக்கொண்டு அதற்கு எதிராக ஆடினாலும், ஆயிரம் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு பெரிய பிளைண்டுகூட, அதாவது நம் மேசையில் 10 சில்லுகூட, எடுக்க முடியாது. முதல் சுற்றில் டீலர் வெறுமனே கால் சொல்லி உள்ளே வருவது, மேசைப் பேச்சில் லிம்ப், சரியா என்று அனுபவசாலிகளிடையே நெடுங்கால வாக்குவாதம் இருந்தது. செஃபியஸ் அதை முடித்துவைத்தது. நூறு ஆட்டத்தில் அது லிம்ப் செய்வது 0.06 தடவை, எந்த ஒரு சீட்டை எடுத்துக்கொண்டாலும் அரை விழுக்காட்டுக்கு மேல் இல்லை. டீலராக இருந்தால் ஒன்று ஏற்று, இல்லையேல் சீட்டைப் போடு, நடுவழி இல்லை. நடுப்பணம் சிறிதாக இருக்கும் இடத்தில் காரணம் காட்ட வேண்டியது கால்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

ஆனால் அதே முதல் சுற்றில் அதே நிரல் செய்யும் இன்னொரு காரியம், இந்த வாதத்தை எளிய சூத்திரமாகச் சுருக்குவதைத் தடுக்கிறது. டீலர் ஏற்றுகிறார், எதிராளி மறுபடி ஏற்றுகிறார். இப்போது டீலர் அனுமதிக்கப்பட்ட கடைசி ஏற்றத்தையும் போட்டு மூடலாம். திறமையான மனித ஆட்டக்காரர்கள் பலர் பலவிதச் சீட்டுகளில் அப்படிச் செய்வார்கள். செஃபியஸ் கிட்டத்தட்டச் செய்வதே இல்லை. கையில் இருப்பது இரண்டு ஏஸ், அதாவது இருக்கிற சீட்டிலேயே உச்சம் என்றாலும், கடைசி ஏற்றம் போடுவது 0.01 விழுக்காட்டுக்கும் கீழே. அதிகம் போடுவது இரண்டு இரண்டு ஜோடியில், அதுவும் 0.06 விழுக்காடுதான். முதல் பார்வைக்கு இது பைத்தியக்காரத்தனம். மிகப் பெரிய சீட்டை வைத்துக்கொண்டு ஏன் கால் சொல்ல வேண்டும்? நான் கொள்ளும் விளக்கம் இது: முதல் ஏற்றம் எதிராளியை விரட்டக்கூடும், மூன்று பந்தயம் உள்ளே போன பிறகு வரும் நான்காவது யாரையும் விரட்டாது. அது தருவது இன்னொரு 10 சில்லு. அதற்கு விலையாக, கையில் பெரிய சீட்டு இருக்கிறது என்று அறிவித்துவிடுகிறது. இன்னும் மூன்று சுற்று பாக்கி, அதில் இரண்டு இருபது சில்லுச் சுற்று. ஏஸ் ஜோடியும் சுமாரான சீட்டும் ஒரே கால்-இல் கலந்து கிடந்தால், எதிராளிக்கு ஃபிளாப்பில் எதுவும் தெரியாது. ஆக, கால் என்பது பலவீனத்தின் குரல் அல்ல. ரெய்ஸால் விரட்ட முடியாத நிலை வந்துவிட்டால், முதல் சுற்றிலேயே ஆனாலும், காலின் மதிப்பு ஏறத் தொடங்கிவிடுகிறது.

இங்கே எழும் வலுவான மறுப்பு, இதெல்லாம் இருவர் ஆட்டம், உண்மையான மேசையில் ஒன்பது பத்து பேர் உட்காருகிறார்களே என்பது. மறுப்பு நியாயமானது. பலர் ஆடும் லிமிட்டுக்கு செஃபியஸ் அளவுக்கு உத்தரவாதமுள்ள தீர்வு இல்லை. 2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரவுனும் துவோமாஸ் சாண்ட்ஹோமும் உருவாக்கிய புளூரிபஸ் என்ற நிரல் ஆறு பேர் ஆட்டத்தில் வல்லுநர்களை வென்றது. அது ஆடியது நோ லிமிட். அங்கும் சிறிய பிளைண்ட் தவிர வேறு எந்த இடத்திலிருந்தும் லிம்ப் செய்வது சரியல்ல என்றே வந்தது என்பது மட்டும் நமக்குச் சாதகம். ஆனால் ஆள் கூடினால் என் வாதம் உடைவதில்லை. ஒரு புதிய அம்சம் சேர்கிறது. ரெய்ஸ் யார் மேல் விழுகிறது என்பதே அந்த அம்சம். ஏற்கனவே 10 வைத்துவிட்டவருக்கு அது இன்னொரு 10. இன்னும் வைக்காதவருக்கு ஒரே அடியாக 20. முன்னவர் பெரும்பாலும் போகமாட்டார், பின்னவர் போவார். ஐந்து பேர் ஃபிளாப்புக்கு வந்திருக்கிறார்கள், முதலாமவர் 10 வைக்கிறார், அவருக்கு அடுத்து நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் மேல்ஜோடி, அதாவது திறந்த சீட்டுகளில் பெரியதோடு சேரும் ஜோடி. இப்போதைக்கு நீங்களே முன்னணி, ஆனால் எளிதில் முறியடிக்கப்படக்கூடிய சீட்டு. பின்னால் மூவர் இருக்கிறார்கள். உங்களுக்கு அவர்கள் போக வேண்டும், ஆகவே ஏற்ற வேண்டும். அதே இருக்கையில் உங்கள் கையில் ஃபிளஷுக்கு, அதாவது ஒரே இனத்தின் ஐந்து சீட்டுக்கு, ஒரு சீட்டு குறைந்த கை இருந்தால்? பார்க்காத 47 சீட்டில் ஒன்பது உதவும். ரிவருக்குள் ஃபிளஷ் அமையும் வாய்ப்பு 35 விழுக்காடு. ஐந்து பேரும் இருந்தால் ஒவ்வொரு புதிய சில்லிலும் உங்கள் பங்கு ஐந்தில் ஒன்று, 20 விழுக்காடு. வெல்லும் வாய்ப்போ, உங்களைவிடப் பெரிய ஃபிளஷ் அமையும் ஆபத்தைக் கழித்தாலும், அதற்கு நன்றாக மேலே. எனவே உங்களுக்கு ஆள் வேண்டும், காசு வேண்டும். முதலாமவருக்கு அடுத்து அமர்ந்து ஏற்றினால் ஆள் போய்விடும். கால் சொன்னால் ஆள் வரும். ஆனால் நீங்கள் கடைசி இருக்கையில் இருந்து, நால்வரும் ஏற்கனவே 10 வைத்துவிட்டார்கள் என்றால், இன்னும் எதுவுமே அமையாத அந்தக் கையில் ஏற்றுவதுதான் சரி. யாரும் போகமாட்டார்கள், நீங்கள் 20 விழுக்காடு போட்டு 35 விழுக்காடு வாங்குகிறீர்கள். அமைந்த சீட்டுக்கு ரெய்ஸ், அமையாத சீட்டுக்கு கால் என்ற பொது நம்பிக்கை இந்த ஒரு இருக்கை மாற்றத்தில் தலைகீழாகிவிடுகிறது.

நடுப்பணம் எவ்வளவு என்பது இதிலும் குறுக்கே வருகிறது, அதுவும் நுட்பமாக. முதல் சுற்றிலேயே யாரோ ஏற்றியதால் ஐந்து பேரும் தலைக்கு 20 வைத்து, நடுவில் 100 இருக்கிறது என்போம். ஃபிளாப்பில் முதலாமவர் 10 வைக்கிறார். மேல்ஜோடியோடு நீங்கள் கால் சொன்னால் நடுவில் 120. அடுத்தவருக்கு வரிசை கூட நடுவில் ஒரே ஒரு எண் வேண்டும், அதற்கு உதவும் சீட்டு நான்கு. அடுத்த சீட்டில் அது வராத-வரும் விகிதம் 43க்கு 4, அதாவது 10.75க்கு 1. அவருக்குக் கிடைக்கும் விலை 12க்கு 1. அவர் வருவது சரி, நீங்களே அதைச் சரியாக்கிக் கொடுத்தீர்கள். ஏற்றியிருந்தால் நடுவில் 130, அவர் கொடுக்க வேண்டியது 20, விலை 6.5க்கு 1, வந்தால் தவறு. ஆகவே ஏற்று என்று முடித்துவிடலாம். ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. ஃபிளாப்பில் கால் மட்டும் சொல்லி, ஐவரும் வந்தபின் 150 ஆன நடுப்பணத்தோடு டர்னுக்குப் போங்கள். முதலாமவர் மறுபடி 20 வைக்கிறார், நீங்கள் 40 ஆக ஏற்றுகிறீர்கள். நடுவில் 210, அடுத்தவர் கொடுக்க வேண்டியது 40, விலை 5.25க்கு 1, அவர் காத்திருக்கும் சீட்டின் விகிதமோ 10.5க்கு 1. இப்போது அவர் வருவது பெருந்தவறு. பந்தயம் இரட்டிக்கும் இடம்தான் நடுப்பணத்தின் வளர்ச்சியை ரெய்ஸ் கொஞ்சமாவது எட்டிப்பிடிக்கும் ஒரே இடம். இதற்கான விலை, ஒரு சீட்டை அவர்களுக்கு மலிவாகக் காட்டுவது. டர்னில் ஆபத்தான சீட்டு விழுந்தால் பின்வாங்கும் சுதந்திரம் அதற்குக் கிடைக்கும் ஈடு. 1987இல் வெளியான டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் ‘தி தியரி ஆஃப் போக்கர்’ நூலில் தொடங்கி லிமிட் பற்றிய எழுத்தின் பெரும்பகுதி இந்த ஒரு பரிமாற்றத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. அதற்கு ஒரே விடை கிடையாது. முதலாமவர் டர்னிலும் பந்தயம் வைப்பார் என்ற நம்பிக்கை எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

இலவசச் சீட்டுக்காக ஏற்றுவது என்ற புகழ்பெற்ற உத்தியை இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. ஃபிளாப்பில் ஃபிளஷுக்குக் காத்திருப்பவர் 10க்குப் பதில் 20 வைத்து ஏற்றுகிறார்; பயந்த எதிராளி டர்னில் பந்தயம் வைக்காமல் விட்டால், ரிவர் சீட்டு சும்மா கிடைக்கும். கால், கால் என்று போனால் 30 ஆகும் செலவு 20 ஆகிறது. எதிராளி பயப்படாமல் மறுபடி ஏற்றினால் அதே செலவு 50. போகும் காசை மட்டும் கணக்கெடுத்தால் மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் உத்தி பலிக்க வேண்டும். உள்ளே போன காசில் ஒரு பங்கு ஃபிளஷ் அமையும்போது திரும்புவதால் உண்மையான எல்லை சற்றுக் கீழே. இது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட உத்தி. தெரிந்தவர் எதிரே இருந்தால் அது உத்தியே அல்ல.

ரிவருக்கு வந்தால் இனி வர வேண்டிய சீட்டு இல்லை, யாரையும் காக்க வேண்டியதும் இல்லை. இங்கேதான் பழைய கணிதம் கைகொடுக்கிறது. 1944இல் ஜான் ஃபான் நாய்மனும் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னும் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கு ஒரு நீண்ட பகுதி உண்டு. ப்ளஃப் எனும் பாவலா குணக்கேடோ துணிச்சலோ அல்ல, சரியான ஆட்டத்தின் உறுப்பு என்று அவர்கள் நிறுவினார்கள். 1950இல் ஹரால்ட் கூன் அதை மூன்றே சீட்டுள்ள ஒரு சிறு ஆட்டமாகச் சுருக்கினார்: ராஜா, ராணி, ஜாக்கி. முதலாமவர் பந்தயம் வைக்காமல் விட்டால் இரண்டாமவர் என்ன செய்ய வேண்டும்? ராஜா இருந்தால் எப்போதும் பந்தயம். ஜாக்கி இருந்தால் மூன்றில் ஒரு தடவை பந்தயம், வெறும் பாவலாவாக. ராணி இருந்தால் ஒருபோதும் பந்தயம் இல்லை. ராணியை வைத்துப் பந்தயம் கட்டினால், தோற்கும் ஜாக்கி போய்விடும், ஜெயிக்கும் ராஜா நிற்கும். எந்தப் பக்கமும் லாபமில்லை. ராணியின் வேலை, எதிராளி பந்தயம் வைத்தால் சில தடவை கால் சொல்லி அவரது பாவலாவைப் பிடிப்பது. ஐம்பத்திரண்டு சீட்டு மேசையிலும் ரிவரில் இதுவே அமைப்பு. இரு முனைச் சீட்டுகள் ஏற்றும், நடுச்சீட்டுகள் கால் சொல்லும். அதனால்தான் மோசம், சுமார், நல்லது என்ற ஒற்றைக் கோடு பொய்த்துப்போகிறது. மிக மோசமான சீட்டில் ஒரு சிறு பகுதி, சுமாரைத் தாண்டி, ரெய்ஸின் பக்கம் போய் நிற்கிறது. மதிப்புக்காக ஏற்றுவதற்கும் எல்லை உண்டு. உங்கள் ஏற்றத்துக்குத் தாழ்ந்த சீட்டு கால் சொன்னால் 20 லாபம், உயர்ந்த சீட்டு கால் சொன்னால் 20 நஷ்டம், உயர்ந்த சீட்டு மறுபடி ஏற்றி நீங்கள் கால் சொன்னால் 40 நஷ்டம். ஆகவே ‘பெரும்பாலும் என் சீட்டுதான் மேல்’ என்பது போதாது. ‘அவர் நிற்கும்போது பெரும்பாலும் என் சீட்டு மேல்’ என்பதே தேவை. இரண்டும் வேறு. உங்களுக்குப் பின்னால் இன்னும் ஒருவர் இருந்தால் கால் இன்னும் இனிக்கும். ஏற்றினால் அவர் போய்விடுவார், பந்தயம் வைத்தவரிடம் 20 கிடைக்கலாம். கால் சொன்னால் பின்னால் இருப்பவர் தாழ்ந்த சீட்டோடு வந்து அதே 20ஐத் தரலாம், மறு ஏற்றத்தின் ஆபத்தும் குறைவு.

எதிரே இருப்பவர் இயந்திரம் அல்லவே என்பது இரண்டாவது மறுப்பு. செஃபியஸின் விழுக்காடுகள் தோற்காமல் இருப்பதற்கானவை. அதிகம் ஜெயிப்பதற்கானவை அல்ல. எதற்கும் போகாமல் கடைசிவரை கால் சொல்பவர் எதிரே இருந்தால் ஜாக்கியை வைத்து ஏற்றுவது வீண், ராணியை வைத்துக்கூடப் பந்தயம் கட்டலாம். எதற்கெடுத்தாலும் பந்தயம் வைப்பவர் எதிரே இருந்தால் நல்ல சீட்டிலும் ஏற்றாமல் கால் சொல்லி, அவரையே தொடர்ந்து வைக்கவிடலாம். இது உண்மை. ஆனால் இதில் மாறுவது, எதிராளி எப்போது விலகுவார் என்ற ஒரு எண்தான். கணக்கின் உருவம் மாறவில்லை. விலகவே மாட்டாதவரிடம் முதல் சுற்றிலிருந்தே ரெய்ஸுக்கு விரட்டும் பல் இல்லை, மதிப்பு மட்டுமே மிச்சம். அதோடு, எதிராளியைப் படித்துவிட்டோம் என்ற நம்பிக்கை மேசையில் மிக மலிவாகக் கிடைக்கும் சரக்கு. இரவு முழுக்க ஒரே ஒருவரோடு ஆடினாலும் ரிவரில் அவர் காட்டிய சீட்டுகள் ஒரு கைப்பிடிதான் இருக்கும். போட்டுவிட்ட சீட்டுகளைப் பற்றி எதுவும் தெரியாது.

அதிர்ஷ்டம் பற்றிய மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. அல்பெர்ட்டா குழுவின் முந்தைய நிரலான போலாரிஸ் 2007இல் வான்கூவரில் போக்கர் வல்லுநர்கள் பில் லாக், அலி எஸ்லாமி இருவரோடும் மோதியபோது, ஒருவருக்குப் போன சீட்டு மற்றவரின் மேசையில் நிரலுக்குப் போகும்படி இரட்டை ஏற்பாடு செய்தார்கள். சீட்டின் அதிர்ஷ்டத்தைக் கழித்துத் தீர்மானத்தை மட்டும் அளக்க அத்தனை பாடு. அப்போதும் மனிதர்கள் மயிரிழையில்தான் வென்றார்கள். மறு வருடம் லாஸ் வேகாசில் நிரல் வென்றது. கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் வங்கியாளர் ஆண்டி பீல் சாட்சி. வல்லுநர்கள் பணத்தைத் திரட்டிக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவராக அவரோடு இருவர் லிமிட் ஆட்டம் ஆடினார்கள். 2006 பிப்ரவரியில் அவர் 13 மில்லியன் டாலருக்கு மேல் வென்றார். அதே மாதம் அந்த வல்லுநர்களில் ஒருவரான பில் ஐவியிடம் 16 மில்லியனுக்கு மேல் இழந்தார். இரண்டு வாரத்தில் யாருடைய திறமையும் அத்தனை தூரம் மாறுவதில்லை. செஃபியஸ் ஆய்வாளர்கள் ‘ஏறத்தாழத் தீர்ந்தது’ என்பதற்கு வைத்த அளவுகோலே இதைச் சொல்கிறது: மணிக்கு 200 ஆட்டம், நாளுக்கு 12 மணி நேரம், எழுபது ஆண்டு விடாமல் ஆடினாலும், அந்த உத்தி குறையில்லாததா இல்லையா என்று உறுதியாகப் பிரித்தறிய முடியாது. அது குறையற்றதற்கும் கிட்டத்தட்டக் குறையற்றதற்கும் இடையிலான தூரம். தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் இடையிலான தூரம் அதைவிடப் பெரிது, எனவே விரைவில் தெரியும். ஆனாலும் ஒரு தவறான காலில் சராசரியாக இழப்பது பெரும்பாலும் சில சில்லுதான். ஒரு ஆட்டத்தின் ஏற்ற இறக்கமோ பல பத்துச் சில்லு. ஆகவே திறமை இருக்கிறது என்று சென்னை நீதிமன்றம் சொன்னது என் பார்வையில் சரி. அது இன்றிரவு மேசையில் தெரியும் என்று நினைப்பது தவறு. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய ஆட்டச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று கேள்வியையே ஒதுக்கிவைத்தது. எழுபதாண்டுக்கு முன்பே நம் மலேசியச் சட்டம் நின்ற இடத்துக்கு ஏறத்தாழ வந்து சேர்ந்துவிட்டது.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் விட்டுப்போன ஒரு விஷயம், மேசைக்காரர் எடுக்கும் பங்கு. சட்டப்படி நடக்கும் சூதாட்ட மனைகளில் ஒவ்வொரு ஆட்டத்தின் நடுப்பணத்திலிருந்தும் ஒரு பகுதியை, ஒரு உச்சவரம்புக்குள், மனை எடுத்துக்கொள்ளும். பல இடங்களில் ஃபிளாப் திறக்காமல் முடிந்த ஆட்டத்துக்குக் கட்டணம் இல்லை. இதன் விளைவு நேரடியானது. முதல் சுற்றில் ஏற்றி அங்கேயே முடித்தவர் கட்டணம் கட்டுவதில்லை; கால் சொல்லி ஃபிளாப் பார்த்தவர் ஜெயித்தாலும் கட்டுகிறார். ஏற்கனவே பலவீனமாக இருந்த முதல் சுற்றுக் காலுக்கு இது இன்னொரு அடி. பின் சுற்றுகளில் நிலைமை வேறு. கட்டணம் உச்சவரம்பைத் தொட்டுவிட்ட பிறகு வைக்கும் ஒவ்வொரு சில்லும் முழுதாக ஆட்டக்காரருக்கே போவதால், மதிப்புக்கான ரெய்ஸ் கொஞ்சம் மலிகிறது. செஃபியஸ் ஆடியது கட்டணமே இல்லாத மேசையில். அங்கே டீலர் இடம் தரும் அனுகூலம் ஆயிரம் ஆட்டத்துக்குச் சுமார் 88 பெரிய பிளைண்ட். 10 சில்லு பிளைண்டில் ஒரு ஆட்டத்துக்கு ஒரு சில்லுக்கும் குறைவு. அந்த இடமும் ஆட்டத்துக்கு ஆட்டம் கை மாறுகிறது. மனையின் இடம் மாறுவதில்லை. ஃபிளாப் திறந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருவரிடமும் சேர்த்து இரண்டு சில்லு எடுக்கும் மேசையில், குறையே இல்லாத இருவர் உட்கார்ந்து ஆடினாலும், ரெய்ஸையும் காலையும் அவர்கள் எவ்வளவு சரியாகப் பிரித்தாலும், நேரம் ஆக ஆக இருவர் சில்லும் குறைந்துகொண்டேதான் வரும்.